நாக்குக்காரரின் நாக்கு

பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி அவர் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார்: "தடை, தளை, தழை." சத்தம் வராது. உதடு கொஞ்சம் திறந்திருக்கும், உள்ளே ஏதோ வேலை நடந்துகொண்டிருக்கும். மறுபடியும், "தடை, தளை, தழை." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார். எதிரே இருப்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார். அந்த அம்மாள் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லியே விடுகிறார். நம்மவர் தள்ளி நிற்பதற்கு முன்னால், அந்தத் 'தள்ளி'யில் அம்மாளின் நாக்கு எங்கே பட்டது என்று ஒரு நொடி யோசிக்கிறார். அதற்குப் பிறகுதான் நகர்கிறார்.

அடையாள அட்டையில் ஒலிப்பியல் ஆய்வாளர் என்று போட்டிருக்கிறது. தெருவில் அது யார் வாயிலும் நுழையாததால் நாக்குக்காரர் ஆகிவிட்டார். மனிதர்கள் பேசும்போது நாக்கும் உதடும் தொண்டையும் எங்கே போய் எதைத் தொட்டு எந்த ஒலியை உண்டாக்குகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. "நாக்கால பிழைக்கிறவங்க ஊர்ல நிறையப் பேரு இருக்காங்க. அடுத்தவன் நாக்கைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான் ஒருத்தன்தான்," என்பார். பத்தொன்பது வருடமாக இதைச் சொல்லி வருகிறார். பெரும்பாலும் அவரேதான் சிரித்திருக்கிறார்.

பேசுகிறவரின் கண்ணை அவர் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் இவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்குள் போனதும் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொள்கிறார், ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். இறந்தவரின் தம்பி விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னார். இவரோ அவருடைய றகரத்தையே கவனித்துக்கொண்டிருந்ததில் சேதி ஒன்றும் காதில் ஏறவில்லை. வெளியே வந்து மனைவியிடம் மெதுவாக, "எப்படியாம்?" என்று கேட்டார். அவள் அன்று வீடு வரை பேசவில்லை. "நான் மனுஷனா என்னன்னு எனக்கே சந்தேகம் வருது," என்று பிற்பாடு இவரே இதை நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆய்வகம் கட்டடத்தின் பின்பக்கத்தில், மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கிறது. பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை. சுவரெல்லாம் நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்பதால், ஆராய்ச்சி என்பது முக்கால்வாசி வியர்வைதான். ஒரு மேசை இழுப்பறையில் நாற்பத்திரண்டு பேருடைய மேல் அண்ணத்தின் அச்சுகள், வெள்ளைச் சாந்தில் வார்த்தவை, பஞ்சு சுற்றிக் கிடக்கின்றன. இன்னொன்றில் பல் மருத்துவரின் நீளக் கண்ணாடி, சின்னத் தூரிகை, எண்ணெய், ஒரு புட்டி நிறையக் கரித்தூள்.

கரி எதற்கு என்றால், அதுதான் அவருடைய பழைய ஆயுதம். கரித்தூளை எண்ணெயில் குழைத்து வந்தவரின் நாக்கில் பூசுவார். "இப்ப 'தடை'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடக் கூடாது." சொன்னவர் வாயைப் பிளந்தபடி இருக்க, கண்ணாடியை உள்ளே விட்டு அண்ணத்தைப் படம் எடுப்பார். நாக்கு தொட்ட இடமெல்லாம் அண்ணத்தில் கறுப்பாக இருக்கும், தொடாத இடம் வெளுப்பாக இருக்கும். வாசல் காவலாளி, கறுத்த பல்லோடு மாடியிலிருந்து இறங்குகிறவர்களைக் கண்டதும் கேள்வியே கேட்காமல் குழாயடிக்குக் கை காட்டுவார்.

அவருடைய மனைவியும் அப்படிக் கறுத்த பல்லோடு இறங்கியவள்தான். தோழியோடு துணைக்கு வந்தவளை, ஆள் பற்றாக்குறையில் இவர் உட்கார வைத்துவிட்டார். 'தழை' என்று சொல்லச் சொல்லிப் படம் எடுத்து, அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு," என்றாராம். அவள் வெட்கத்தோடு, "எது?" என்று கேட்க, "ஓரம் ரெண்டும்," என்றாராம். "மூஞ்சியில கரியைப் பூசினவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நாக்குல கரியைப் பூசிட்டு, கட்டிக்கிறியான்னும் கேட்டவரு இவர் ஒருத்தர்தான்," என்று அவள் உறவுக்காரர்களிடம் சொல்வாள்.

ஆய்வகச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பக்கவாட்டில் இரண்டாகப் பிளந்த ஒரு தலை. உள்ளே நாக்கின் நுனி மேலே எழும்பிப் பின்பக்கமாக மடங்கியிருக்கிறது. கீழே 'ழ' என்று எழுதியிருக்கும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் தன் வாயையே மாதிரியாக வைத்து இவர் வரைந்தது. மூக்கைப் பார்த்தாலே தெரியும், அவ்வளவு பெரிய மூக்கு அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் இல்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் பிரதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், பாடப்புத்தகம் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. "மூக்குதான் கொஞ்சம் கூடிப்போச்சு. மத்ததெல்லாம் துல்லியம்," என்று வருகிறவர்களிடம் அடக்கமாகச் சொல்வார்.

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. முன்கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் டோக்கன் எண்களைக் கூப்பிடுவாள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதிரே இருக்கும் பலகை சரியாகத் தெரியாது; கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அவள் குரல்தான் பலகை. ஆறு என்றால் ஆறு, ஏழு என்றால் ஏழு. ஒருவரும் தன் எண்ணைத் தவறவிட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இவருக்கு அவளைவிடக் கூடுதல் கர்வம்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவளுடைய நாக்கு நுனிக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி வந்தது. பயப்படுகிற கட்டி இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். புண் ஆறிய தழும்பு நுனியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டது. சாப்பாடு இறங்கியது, பேச்சு வந்தது, எல்லா எழுத்தும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 'ழ' மட்டும் வரவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஆறைக் கூப்பிட்டுவிட்டு, "அடுத்தவங்க வாங்க," என்றாள். பதினேழு வந்தபோது தண்ணீர் குடித்தாள். இருபத்தேழு வந்தபோது இருமினாள். அதற்குள் கூடத்தில் யாரோ, "அந்தம்மாவுக்கு எண்ணே மறந்துபோச்சு போல," என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். எழுபது வருவதற்குள் எழுந்து உள்ளே போனவள், தன்னைப் பின்னறையில் கோப்பு அடுக்குகிற வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் நாக்குக்காரர் இருக்கும்போது வேறு ஆசிரியர் எதற்கு? காலையில் கண்ணாடிக்கு முன்னால் அவளை உட்கார வைத்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தப் படத்தின் பிரதியை ஒட்டினார். "நுனியை மடக்கு. மேல. இன்னும் பின்னால."

"மடங்கலைங்க."

"மடங்கும். எல்லாருக்கும் மடங்கும். இந்தப் படத்தைப் பாரு."

கரண்டிக் காம்பால் நுனியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அண்ணத்தில் உள்ளே தள்ளித் தேனைத் தடவி, நாக்கு நுனியால் தொட்டு எடுக்கச் சொன்னார். இரண்டு புட்டி தேன் தீர்ந்தது, 'ழ' வரவில்லை. ஒருநாள் வந்திருந்த அவளுடைய தம்பி இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான் இது, ஊர்ல பாதிப் பேரு ஏளுன்னுதான் சொல்றான். என்ன குடியா முழுகிப் போச்சு?" என்றான். அக்காதான் பதில் சொன்னாள். "அவங்க பொறந்ததிலேருந்து அப்படிச் சொல்றாங்கடா. என்கிட்ட இருந்தது. இப்ப இல்ல." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள் இவர் பொறுமை இழந்து, "நீ முயற்சியே பண்ணல. அதான் விஷயம்," என்று சொல்லிவிட்டார்.  கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். அதோடு பயிற்சி நின்றது. இவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிச் சமாதானம் செய்திருக்கலாம். நாக்கைப் பற்றி நாலு கட்டுரை எழுதியவருக்கு அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு எழவில்லை.

போன வாரம் மருத்துவமனை மேலாளர் அவளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். முன்கூடத்துக்குத் திரும்புவதென்றால் திங்கட்கிழமை காலை மைக் முன்னால் உட்கார வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், இவளுக்குக் கோப்பறைதான் நிரந்தரம். "கோப்பறையே போதும்," என்று அவள் சொன்ன விதத்திலேயே போதவில்லை என்பது தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஆய்வகத்தில் புது ஸ்கேன் கருவியை முதன்முதலாக இயக்கிப் பார்த்தார்கள். வயிற்றில் குழந்தையைப் பார்ப்பார்களே, அதே வகைக் கருவி. அதன் முனையில் குளிர்ந்த பசையைத் தடவித் தாடைக்கு அடியில் வைத்தால், திரையில் நாக்கின் வளைவு வெள்ளைக் கோடாக ஓடும். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு 'ழ' வேண்டும். அதற்கு நாக்குக்காரரை விட்டால் யார்? தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, "வாழை," என்றார் கம்பீரமாக.

திரைக்கு முன்னால் இருந்தவர் ஒலிப்பதிவாளர் அம்மாள். பதினைந்து வருடமாக இவரோடு வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். "சார், நுனி கீழயே கிடக்குதே," என்றார்.

"முனையைத் திருப்பிப் பிடிச்சிருப்பீங்க."

திருப்பிப் பிடித்தார்கள். படம் இடம் வலமாக மாறியது, நுனி கீழேயே கிடந்தது. நாக்கின் நடுப்பாகம் மட்டும் கூனிக்கொண்டு மேலே எழும்பியது. பசை போதவில்லை என்றார். சட்டைக் காலர் நனையும் வரை பசை தடவினார்கள். கூனல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கருவி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் சத்தம் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, "சார், வேற யாரையாவது உட்கார வெச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

காவலாளியைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அவர் கூச்சத்தோடு, "வாழை," என்றார். நுனி எழும்பிப் பின்னால் மடங்கியது, சுவர்ப் படத்தில் இருப்பது போலவே. ஒலிப்பதிவாளர் அம்மாளுக்கும் மடங்கியது. மறுபடி இவர் உட்கார்ந்தார். கூனல்.

"காதுக்கு மூணும் ஒண்ணுதான் சார்," என்றார் அம்மாள், பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு. "உள்ள நடக்கிறதுதான் வேற."

"எனக்கு மடங்கவே இல்லையா?"

"இல்ல சார்."

நாக்குக்காரர் சுவரைப் பார்த்தார். கரி, நாக்கு தொட்ட இடத்தை மட்டும்தான் காட்டும். 'ழ' சொல்லும்போது நாக்கின் ஓரம் இரண்டும் பல்லை ஒட்டிப் படும், நடுவிலே எதையும் தொடாது. அண்ணத்தின் நடுவில் வெறும் வெளுப்பு. அந்த வெளுப்புக்குக் கீழே நாக்கு எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை. புத்தகத்தில் மடங்கும் என்று போட்டிருந்தது, மடக்கி வரைந்துவிட்டார். உலகத்தார் வாயை எல்லாம் பிளந்து பார்த்த மனிதர், சொந்த வாய்க்குள் இருப்பதைப் பத்தொன்பது வருடம் கேள்வி ஞானத்தில் ஓட்டியிருக்கிறார். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. காவலாளி, ஏதோ தன்னால்தான் தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து, "நான் வேணா மறுபடி சொல்றேன் சார்," என்றார். அதற்கும் சிரித்தார்.

பசையைக் கழுவக் கீழே இறங்கும்போது, நாலாவது படியில் அவருக்கு அது உறைத்தது. நுனியை மடக்கு, மேல, இன்னும் பின்னால. நீ முயற்சியே பண்ணல.  கழுத்தெல்லாம் பசையோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டுரை போகட்டும், பாடப்புத்தகம் போகட்டும். அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்த கைதான் கண் முன்னால் நின்றது. தன்னைப் போல ஒரு முட்டாளை எந்தக் கருவியாலும் படம் பிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "அப்ப உங்களுக்கே மடங்காததை மூணு மாசமா என்னை மடக்கச் சொன்னீங்களா?"

"ஆமா."

"அந்தப் படத்துல இருக்கிறது யாரு நாக்கு?"

"தெரியல. மூக்கு மட்டும் என்னோடது."

அவள் சிரிக்கவில்லை. இவர் போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த படத்தின் கீழே பேனாவால், 'மூக்கு மட்டும் அசல்' என்று எழுதினார். திரும்பி வந்து, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது," என்றார். சொல்லும்போது நாக்கு எங்கே பட்டது என்று அவர் கவனிக்கவில்லை. "நாளைக்கு ஒரு தடவை ஆய்வகத்துக்கு வா. நான் எப்படிச் சொல்றேன்னு எனக்கே தெரியல. நீ பார்த்துச் சொன்னாத்தான் உண்டு."

சனிக்கிழமை அவள் வந்தாள். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர், திரையைப் பார்த்தவள் அவள். இவர், "ஏழு, ஏழு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கன்னத்தில் கை வைத்து, சந்தையில் பொருள் பார்க்கிறவள் போல நிதானமாகப் பார்த்தாள்.

"நுனி சும்மாதான் கிடக்குது. நடுவுல பூனை மாதிரி முதுகைத் தூக்குறீங்க," என்றாள். பிறகு, "ஓரம் ரெண்டும் கடவாப்பல்லோட ஒட்டி நிக்குதுங்க," என்றவள், சட்டென்று நிறுத்தினாள். "அந்த ஓரம்தானே அன்னிக்கு அழகா இருக்குன்னீங்க?"

"அதேதான்."

"அது என்கிட்ட இன்னும் இருக்கே."

இவருடைய தாடைக்கு அடியில் ஒரு விரலை வைத்து, சதை எங்கே விறைக்கிறது என்று தொட்டுப் பார்த்தாள். அதே விரலைத் தன் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முதல் இருபது தடவை ஏலு, ஏயு, எதுவும் இல்லாத ஒரு காற்று. முப்பதுக்கு மேல் ஏதோ ஒன்று வந்தது. அபிப்பிராயமே சொல்லாத ஒலிப்பதிவாளர் அம்மாள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, அதை இன்னொரு தடவை," என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பயிற்சி நடந்தது. மூன்றில் ஒன்று தேறியது. மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்காருவதா வேண்டாமா என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் நாக்குக்காரர் கண் மருத்துவமனை வாசலில் நின்றார். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. முன்னால் நின்றவர்களை எண்ணினார், ஐந்து பேர். தனக்குப் பின்னால் வந்த ஒருவரை, "நீங்க முதல்ல போங்க, எனக்கு அவசரமில்ல," என்று அனுப்பிவிட்டு ஏழாம் எண் டோக்கனை வாங்கிக்கொண்டார். எண் தவறிப்போனால் அது தன் எண்ணாக இருக்கட்டும், யாரும் சிரிக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. கடைசி வரிசையில், மருந்து விட்டுத் தலை சாய்த்தவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் வந்து மைக்கைச் சரிசெய்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று கூப்பிட்டாள். "ஆறு," என்றாள். ஆறாமவர் எழுந்து போனார். கூடம் அமைதியாக இருந்தது. அவளுடைய விரல் தாடைக்கு அடியில் போனது. வாழ்நாளெல்லாம் வாயைப் பார்த்த மனிதர் தலையைக் குனிந்து, கையில் இருந்த டோக்கனைப் பார்த்தார்.

"ஏழு."

கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் வேறு எந்த எண்ணும் இல்லை. இவர் டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் தலை சாய்த்திருந்த ஒரு பெரியவர், "ஏழைக் கூப்பிடுறாங்கப்பா, யாரு ஏழு?" என்று கண்ணைத் திறக்காமலே குரல் கொடுத்தார். அவள் மறுபடியும், இன்னும் சத்தமாக, "ஏழு!" என்றாள். அப்போதுதான் எழுந்தார்.

தடுப்புக்கு முன்னால் போய் நின்று டோக்கனை நீட்டினார். அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, வருகிற எல்லாரிடமும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"கண்ணுல என்ன?"

"சரியாத் தெரியல."

"எத்தனை நாளா?"

"பத்தொன்பது வருஷமா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாங்கிய டோக்கனை மற்றவற்றோடு பெட்டிக்குள் போடவில்லை. மைக்கின் அடியில், எண் தன் பக்கம் தெரியும்படி சாய்த்து நிறுத்தி வைத்துக்கொண்டு, எட்டைக் கூப்பிட்டாள்.